கன்சோல் செய்கிறவர்களுக்கு: எந்தப் பாகம் பழுதாகும் என்று உங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் சொல்லுங்கள்

சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ நிறுவனங்களின் ஹார்டுவேர் பிரிவில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மூன்று பேரின் மெஷின்களிலும் விளையாடி வளர்ந்தவன் நான், இன்றைக்கும் விடவில்லை. தெரிந்தவர்கள் வீட்டில் வீடியோ கேம் கன்சோல் மக்கர் பண்ணினால் பெரும்பாலும் என்னிடம்தான் வரும், திறந்து பார்ப்பேன், முடிந்தால் சரிசெய்து கொடுப்பேன். தொழில் இல்லை, ஆர்வம்தான். அப்படித் திறந்து பார்த்துப் பார்த்து மனதில் சேர்ந்ததைத்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு தலைமுறைக் கன்சோலிலும் ஏதாவது ஒரு பாகம் கொத்துக்கொத்தாகப் பழுதாகிறது. அது எந்தப் பாகம் என்று எங்களுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் சர்வீஸுக்கு வரும் பெட்டிகளை எண்ணிக் கணக்கு வைத்திருப்பது நீங்கள்தான். அந்தக் கணக்கை வெளியே சொல்லுங்கள், அந்தப் பாகத்தை நாங்களே மாற்றிக்கொள்ள வழி விடுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதுதான் கொஞ்சம் நீளம்.

ஸ்டிக் டிரிஃப்டில் ஆரம்பிக்கிறேன், அதாவது கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கைத் தொடாமலே தள்ளியதாக மெஷின் நினைப்பது. இன்றைக்கு அதிகம் பேர் படும் அவஸ்தை அதுதான். கன்ட்ரோலரை மேசைமேல் வைத்திருப்போம், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், ஆனால் திரையில் இருக்கும் ஆள் இடது பக்கமாக மெதுவாக நடக்க ஆரம்பிப்பான். மெனுவைத் திறந்தால் கர்சர் தானாக மேலே ஏறிக்கொண்டே போகும். முதலில் கேமில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்போம், அப்புறம் செட்டிங்ஸுக்குப் போய் காலிப்ரேட் செய்வோம், கொஞ்ச நாள் ஒழுங்காக இருக்கும், மறுபடியும் நடக்க ஆரம்பிப்பான்.

பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ரொம்பச் சாதாரணமான அமைப்பு. மெல்லிய ஒரு கரிப் பூச்சு, அதன்மேல் உரசிக்கொண்டே நகரும் குட்டி உலோக நாக்கு. அந்த நாக்கு பூச்சின்மேல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் ஸ்டிக்கை எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளினோம் என்று மெஷின் கண்டுபிடிக்கிறது. உரச உரசப் பூச்சு தேயும், தேய்ந்த தூளும் வெளியிலிருந்து வரும் தூசியும் அங்கேயே படியும், கடைசியில் ஸ்டிக் நடுவில் நிற்கும்போதும் நடுவில் இல்லை என்று மெஷினுக்குத் தோன்றும். இதில் மர்மமே கிடையாது. செருப்பின் அடிப்பாகம் தேய்கிற மாதிரி, பயன்படுத்தினால் தேயத்தான் செய்யும். இந்த ஸ்டிக்குகளைச் செய்து தருகிற கம்பெனிகளே இத்தனை லட்சம் சுற்றுதான் தாங்கும் என்று அளவு போட்டுத்தான் கொடுக்கின்றன. ஆக, தேயும் என்று தெரிந்தேதான் உள்ளே வைக்கிறீர்கள். தெரிந்தே வைப்பதை, பல கன்ட்ரோலர்களில் பத்துக்கும் மேற்பட்ட கால்களோடு போர்டில் ஏன் சால்டர் செய்து, அதாவது உலோகத்தை உருக்கி ஒட்டி, வைக்கிறீர்கள்? சால்டரிங் இரும்பைக் கையில் பிடித்துப் பழகாத ஒருவர் அதைக் கழற்றப் போனால் போர்டே போய்விடும், தேய்ந்த ஒரு சின்னப் பாகத்துக்காக முழுக் கன்ட்ரோலரும் குப்பைக்குப் போகும்.

நின்டெண்டோவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஸ்விட்ச் கன்சோல் 2017 மார்ச்சில் வந்தது. அதன் கன்ட்ரோலரான ஜாய்-கானில் வரும் டிரிஃப்ட் பற்றிய புலம்பல் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. 2019-இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள், 2020 ஜூனில் உங்கள் தலைவர் ஃபுருகாவா சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டார், ஆனால் வழக்கு நடப்பதால் மேற்கொண்டு பேச முடியாது என்று அதோடு நிறுத்திக்கொண்டார். 2021 ஜனவரியில் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு கிட்டத்தட்ட 25,000 புகார்களைத் திரட்டிக்கொண்டு ஐரோப்பிய ஆணையத்திடம் போனது. அந்தப் புகார்களில் 88 சதவீதம், வாங்கிய 2 ஆண்டுக்குள் பழுதானவை. 2023-இல்தான் ஐரோப்பாவில் வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக ஒப்புக்கொண்டீர்கள். நல்லது, அதற்கு நன்றி. ஆனால் ஒரு குழந்தை கையில் தேயும் ஸ்டிக், அந்தக் குழந்தை எந்தக் கண்டத்தில் இருந்தாலும் ஒரே மாதிரிதானே தேய்கிறது?

இதற்கு மாற்று வழி இல்லாமலும் இல்லை. உரசலே இல்லாமல் காந்தத்தை வைத்து ஸ்டிக்கின் இடத்தை அறியும் ஹால் சென்சாரை சேகா 1998-லேயே ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரில் வைத்துவிட்டது. இத்தனை வருடம் கழித்து 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இலும் ஹால் சென்சார் இல்லை. காரணம் இருக்கலாம், காந்தம் வைத்தால் பக்கத்தில் இருக்கும் மற்ற காந்தங்களோடு தகராறு வரலாம், விலை கூடலாம், கைக்கு வேறு மாதிரி இருக்கலாம். என்ன காரணமோ, அதைச் சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள், இரவெல்லாம் உட்கார்ந்து சர்க்யூட் போர்டைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறவர்கள் எங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சரி, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வருவோம். 2005 நவம்பரில் வந்த மெஷின். பவர் பட்டனைச் சுற்றி இருக்கும் வளையத்தில் மூன்று கால்பகுதிகள் சிவப்பாக மின்னினால் கதை முடிந்தது. உலகம் முழுக்க அந்தச் சிவப்பு வளையத்துக்குப் பயந்துகொண்டே மெஷினை ஆன் செய்தார்கள். துண்டைச் சுற்றிச் சூடாக்கினால் உயிர் வரும் என்று ஒரு வைத்தியம் பரவியது, கொஞ்ச நேரம் வரவும் செய்தது, அப்புறம் மொத்தமாகப் போனது. தீப்பிடிக்கக்கூடிய அந்த வேலையை மக்கள் ஏன் செய்தார்கள்? என்ன பழுது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டியை 3 ஆண்டாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அது பெரிய காரியம், மனமாரச் சொல்கிறேன், வேறு யாரும் அந்த அளவுக்குச் செய்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் சிப்புக்குள்ளே இருக்கும் இணைப்புகள், சூடாகிக் குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்து, விட்டுப்போயின என்ற விளக்கம் உங்கள் வாயிலிருந்து வந்தது 2021-இல் நீங்களே வெளியிட்ட ஆவணப்படத்தில். நடுவில் 14 ஆண்டு. அந்த இடைவெளியில் சிப்புக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் சால்டர்தான் விட்டுப்போகிறது என்று நம்பி, சிப்பை ஹீட் கன்னால் சூடாக்கி, கிளாம்பைக் கழற்றி ஸ்க்ரூ போட்டு இறுக்கி, எத்தனை மெஷின்களை எத்தனை பேர் வீணாக்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எத்தனை சதவீத மெஷின் பழுதானது என்ற எண்ணையும் நீங்கள் சொல்லவில்லை. 2009-இல் வாரண்டி விற்கும் ஸ்கொயர்டிரேட் என்ற நிறுவனம் தன்னிடம் பதிவான 16,000-க்கும் மேற்பட்ட கன்சோல்களை வைத்துக் கணக்குப் போட்டது. 2 ஆண்டுக்குள் எக்ஸ்பாக்ஸ் 360 பழுதானது 23.7 சதவீதம், சோனியின் பிளேஸ்டேஷன் 3 பழுதானது 10 சதவீதம், நின்டெண்டோவின் வீ 2.7 சதவீதம். வெளியாள் ஒருவர் தன் கையில் இருந்த கொஞ்சத்தை வைத்துப் போட்ட கணக்கைத்தான் இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் முழுக் கணக்கு உங்கள் பீரோவில் இருக்கிறது. ஆனாலும் அந்த மூன்று எண்ணைப் பாருங்கள், ஒரே காலத்தில் விற்ற மூன்று மெஷினுக்குள் எவ்வளவு பெரிய வித்தியாசம். வீ மற்ற இரண்டின் அளவுக்குச் சக்தி உள்ள மெஷின் இல்லை, சூடும் குறைவு, அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் கடையில் நிற்கும் ஒருவருக்கு இந்த எண் தெரிந்திருக்க வேண்டுமா வேண்டாமா?

சோனிக்கும் ஒரு வார்த்தை. பிளேஸ்டேஷன் 4 போர்டில் கடிகாரத்துக்காக ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது, கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வட்டப் பேட்டரி. அது என்றைக்காவது தீரும். தீர்ந்த பிறகு மெஷின் உங்கள் சர்வரோடு பேசி நேரத்தைச் சரிபார்க்க முடியாவிட்டால், காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் டிஸ்க்கூட ஓடாது என்று ஆர்வலர்கள்தான் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். அதாவது, நீங்கள் ஒருநாள் சர்வரை நிறுத்தினால் வீட்டுக்கு வீடு இருக்கும் மெஷின்கள் பேட்டரி தீரத்தீர ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நிலைமை. 2021 செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட்டில் அதைச் சரிசெய்தீர்கள், ஆனால் அப்டேட் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நல்லது செய்துவிட்டு அதை ஏன் மறைக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் கொண்டாடியிருப்போம்.

டிஸ்க் டிரைவ் விவகாரம் மூன்று பேரில் சோனி, மைக்ரோசாஃப்ட் இரண்டு பேருக்குப் பொருந்தும். டிரைவின் போர்டு அந்தக் கன்சோலின் மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டிருக்கும், வேறு மெஷினிலிருந்து எடுத்த நல்ல டிரைவை மாட்டினால் ஏற்காது. அதனால் திறந்து சரிசெய்கிறவர்கள் புது டிரைவை வாங்கி, அதன் போர்டைக் கழற்றிவிட்டு, பழைய போர்டை நோகாமல் எடுத்துப் புதியதில் பொருத்துகிறார்கள். பழுதானதே அந்தப் பழைய போர்டு என்றால்? வழியே இல்லை, நன்றாக இருக்கும் கன்சோல் டிஸ்க் படிக்காத பெட்டியாகிவிடும். திருட்டு டிஸ்க்கைத் தடுக்கத்தான் இப்படி என்கிறீர்கள். அந்தக் கவலை எனக்கும் புரிகிறது, கேம் செய்கிறவர்களுக்குக் காசு போய்ச் சேர வேண்டும். ஆனால் பிளேஸ்டேஷன் 5-இன் மெலிந்த மாடலில் டிஸ்க் டிரைவைத் தனியாக விற்று, இன்டர்நெட் வழியே ஜோடி சேர்க்க சோனியே வழி வைத்திருக்கிறதே. அப்படியானால் பாதுகாப்பையும் விடாமல் மாற்றவும் முடியும் என்றுதானே அர்த்தம்.

இன்னொன்று, எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். பொருளைச் சரிசெய்யும் உரிமைக்கான சட்டங்கள் இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கின்றன. கலிஃபோர்னியாவின் சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது, போன், லேப்டாப், வீட்டுச் சாதனம் எல்லாம் அதில் உண்டு, ஆனால் வீடியோ கேம் கன்சோலுக்கு விலக்கு. மினசோட்டாவிலும் அதே கதை. அந்த விலக்குகளுக்காக உங்கள் தொழில் சங்கம் வேலை செய்தது ஊரறிந்தது. திறந்தால் வாரண்டி போய்விடும் என்பது போன்ற வாரண்டி நிபந்தனைகளுக்காக 2018-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது, அந்த ஆறில் நீங்கள் மூன்று பேரும் இருந்தீர்கள். விளையாட்டில் ஒருவரையொருவர் முந்தப் பார்க்கும் நீங்கள், எங்களைத் திறக்கவிடக் கூடாது என்பதில் மட்டும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள்.

உங்களிடம் நல்லதும் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எழுதினால் நியாயம் இல்லை. பிளேஸ்டேஷன் 5-இன் பக்கத் தகட்டைக் கையாலேயே கழற்றலாம், உள்ளே சேரும் தூசியை உறிஞ்சி எடுக்கத் தனி ஓட்டை வைத்திருக்கிறீர்கள், அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். விலை கூடிய டூயல்சென்ஸ் எட்ஜில் ஸ்டிக் தேய்ந்தால் அந்த மாட்யூலை மட்டும் உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். சாதாரண கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது இன்னும் அதிகம் தேவை, ஆனால் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வால்வ் என்ற கம்பெனி, கையில் பிடித்து ஆடும் தன் ஸ்டீம் டெக் மெஷினுக்கு ஸ்டிக், ஃபேன் போன்ற உதிரி பாகங்களை, பழுதுபார்க்கும் பொருட்கள் விற்கும் ஐஃபிக்ஸிட் மூலமாக விற்கிறது, பிரிக்கும் விதத்தையும் வீடியோ போட்டுக் காட்டியிருக்கிறது. அதனால் அந்தக் கம்பெனி மூழ்கிவிடவில்லை.

இனி நான் கேட்பதை நேராகவே வைக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு மாடலிலும் எத்தனை சதவீதம் சர்வீஸுக்கு வந்தது, எந்தப் பாகத்துக்காக வந்தது என்று வெளியிடுங்கள். ஸ்டிக், ஃபேன், பேட்டரி, டிஸ்க் டிரைவ், எச்டிஎம்ஐ போர்ட், இந்த ஐந்தையும் எல்லா நாட்டிலும் எல்லோருக்கும் விற்கத் தொடங்குங்கள், ஸ்டிக்கை சால்டர் இல்லாமல் செருகிக் கழற்றும்படி செய்யுங்கள். பெருவாரியாக ஒரு பழுது வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்த மாதத்திலேயே, வழக்குக்குக் காத்திருக்காமல், என்ன பழுது, யாருக்கு வரலாம், அதுவரை என்ன செய்யக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், ஒரு கன்சோலுக்கு சர்வீஸை நிறுத்தும் நாளில் அதன் சர்க்யூட் வரைபடத்தையும் ஜோடி சேர்க்கும் சாஃப்ட்வேரையும் பொதுவில் விட்டுவிடுங்கள். 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்கான கபாசிட்டர் ஒன்று காலப்போக்கில் கசிந்து போர்டை அரித்துவிடும், அதைக் கண்டுபிடித்து, எந்த மாடலில் கழற்ற வேண்டும், எதில் கூடாது என்று பட்டியல் போட்டு இன்றைக்கும் அந்த மெஷின்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஆர்வலர்கள்தான், உங்கள் ஆட்கள் இல்லை. அந்த வேலையைத் தொடர்ந்து செய்ய நாங்கள் தயார். எங்களுக்கு வேண்டியது வரைபடமும் பாகமும்தான்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் மெஷின்களைத் திறந்து பார்ப்பவர்களில் ஒருவன்