துவாலு கொடியில் கிழக்குதான் மேலே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விழாவுக்கும் வினாடி வினாவுக்கும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வாங்கும் உலகக் கொடி அட்டைகளில் துவாலு நாட்டின் கொடி அடிக்கடி தவறாகவே அச்சாகி வருகிறது. சிலவற்றில் எட்டே விண்மீன்கள். சிலவற்றில் ஒன்பதும் உண்டு, ஆனால் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம்வலம் மாறிக் கிடக்கும். வேறு கொடிகளில் ஒரு விண்மீன் நகர்ந்தால் அழகுதான் கெடும். இங்கே ஒரு தீவே இடம் மாறிப்போகும்.

ஏனெனில் அந்த மஞ்சள் விண்மீன்கள் ஒரு வரைபடம். பசிபிக்கில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சிதறிக் கிடக்கும் ஒன்பது பவளத் தீவுகளை அவை காட்டுகின்றன. அத்தனையும் சேர்ந்து 26 சதுர கிலோமீட்டர் நிலம். கொடியில் மேல் ஓரம் கிழக்கு, கம்பத்துப் பக்கம் வடக்கு. இதைச் சொல்லாமல் கொடியைக் காட்டினால் பிள்ளைகள் வடக்கை மேலே வைத்துத்தான் படிப்பார்கள். கம்பத்துப் பக்கம் மேலே வரும்படி கொடியைக் கால் சுற்றுத் திருப்பிப் பிடியுங்கள். அட்லஸில் உள்ளபடியே வடக்கு மேலேயும் கிழக்கு வலப்புறமும் வந்துவிடும். அப்போது கொடியின் மூலையில் உள்ள பிரிட்டன் கொடியான யூனியன் ஜாக் வலது மூலையில் நிற்கும், அதுதான் சரி. அதை இடப்பக்கம் கொண்டுவர வேண்டுமென்று தோரணம் கட்டுகிறவர்கள் துணியைப் புரட்டிவிடுகிறார்கள். கிழக்கும் மேற்கும் மாறுவது அந்த இடத்தில்தான்.

வகுப்பில் சரிபார்க்க ஒரு கிராஃப் தாள் போதும். 12 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்தில் கட்டம் போட்டு, இடது ஓரத்தைத் தெற்கு 5 பாகை, வலது ஓரத்தை 11 பாகை என்றும், கீழ் ஓரத்தைக் கிழக்கு 176, மேல் ஓரத்தை 180 என்றும் குறிக்க வேண்டும். ஒரு பாகைக்கு 2 செ.மீ. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இரண்டு பக்கமும் ஒரே அளவு வைத்தாலும் உருவம் பெரிதாகக் கோணாது. வடகோடி நனுமேயா இடமிருந்து 1.3, கீழிருந்து 0.2 செ.மீ.யில் விழும். தலைநகர் ஃபுனாஃபுட்டி 7, 6.4, தென்கோடி நியுலாகிட்டா 11.6, 6.9. நம் ஊர் அட்சரேகை வடக்கு 10 என்பதால், எண் கூடினால் வடக்கே போகிறோம் என்ற பழக்கம் கையில் ஊறியிருக்கும். இங்கே எண் கூடக் கூடத் தெற்கு. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொடியில் உள்ள இடைவெளிகள் தோராயமானவை, ஆகவே திசையைப் பார்த்தால் போதும்.

எட்டா, ஒன்பதா என்ற குழப்பத்துக்கு நாட்டின் பெயரே காரணம். துவாலு என்றால் எட்டும் ஒன்றாய் நிற்பது என்று பொருள். முன்பு மக்கள் வாழ்ந்த எட்டுத் தீவுகளைத்தான் அது குறிக்கிறது. ஒன்பதாவதான நியுலாகிட்டாவில் நியுடாவ் தீவு மக்கள் குடியேறியது 1949-ல். கொடி 1978-ல் ஒன்பது விண்மீன்களோடு ஏற்கப்பட்டது. 1995-ல் ஒன்றை நீக்கினார்கள். 1996-ல் யூனியன் ஜாக் இல்லாத வேறு கொடி வந்தது. 1997-ல் பழைய கொடி ஒன்பது விண்மீன்களோடு திரும்பியது. ஆகவே எட்டு விண்மீன் அட்டை பழைய படத்தைப் பார்த்து அச்சடித்தது. நகரத்தாரின் நகரக் கோயில் ஒன்பதையும் இளையாற்றங்குடியில் தொடங்கி ஒப்பிக்கும் நம் பிள்ளைகளுக்கு நனுமேயா, நியுடாவ், நனுமங்கா, நுய், வைட்டுப்பு, நுகுஃபேட்டாவ், ஃபுனாஃபுட்டி, நுகுலேலே, நியுலாகிட்டா என்ற ஒன்பதும் கடினமே இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. மைக்ரோனீசியக் கூட்டாட்சிக் கொடியின் நான்கு விண்மீன்களை இதே முறையில் படிக்கக் கூடாது. அவை மேல், கீழ், இடம், வலமாக நின்றாலும் யாப், சுக், போன்பெய், கோஸ்ரே ஆகிய நான்கு மாநிலங்களும் மேற்கிலிருந்து கிழக்காக ஏறக்குறைய 2,700 கிலோமீட்டருக்கு வரிசையாக நீள்கின்றன. நான்குக்கும் தனித்தனிக் கொடி உண்டு. போன்பெய் கொடியின் நடுவில் இருப்பது சகாவு பானம் குடிக்கும் கொட்டாங்கச்சி. கிண்ணம் என்று மட்டும் எழுதினால் பாதி விவரம் போய்விடும்.

தங்கள் மாணவர் பகுதியில் துவாலு கொடியை வெளியிடும்போது கம்பத்துப் பக்கத்தை இடது ஓரத்தில் வைத்து, அந்தப் பக்கம் நோக்கி ‘வடக்கு’ என்று ஓர் அம்புக்குறி போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர்கள் சிலர்,
காரைக்குடி.