பிடிஎஃப் ஏற்றினால் மட்டும் மின்னிதழ் ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காகித விலையும் அஞ்சல் செலவும் கட்டுப்படியாகாமல் பல இதழ்கள் அச்சை நிறுத்தி இணையத்துக்கு வருகின்றன. 1941இல் தொடங்கிய 'கல்கி'யே 2020 ஊரடங்கில் அச்சை விட்டு மின்னிதழானது. மாறட்டும். ஆனால் அச்சகத்துக்கு அனுப்பும் பிடிஎஃப்பையே தளத்தில் ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பழைய எழுத்துருவில் அடித்த பக்கம் கண்ணுக்கு மட்டுமே தமிழ். அதில் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். தேடுபொறிக்குக் கிடைப்பதும், பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் மென்பொருளுக்குக் கிடைப்பதும் அதுதான். எவ்வளவு நல்ல கட்டுரையானாலும் தேடுபவர் கையில் சிக்காது.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் உண்டு. முதலில் கோப்பில் உள்ள எழுத்துருக்களின் பெயரைப் பாருங்கள். டாப், டாம், டிஸ்கி, பாமினி என ஒவ்வொன்றுக்கும் குறியீடு வேறு. தலைப்புக்கு ஒன்று, கட்டுரைக்கு ஒன்று என்று இருந்தால் தனித்தனியாகவே மாற்ற வேண்டும். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களை முன்கூட்டியே பிரித்து வைக்காவிட்டால் அவையும் பொருளற்ற தமிழெழுத்துகளாகிவிடும்.

மாற்றிய பிறகுதான் உண்மையான வேலை. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறிக்கும் 'ள'வுக்கும் பெரும்பாலும் ஒரே விசை. அதனால் 'கௌரவம்' என்பதன் முதலெழுத்து 'கெ', 'ள' என இரண்டாகப் பிரிந்து 'கெளரவம்' என்று வந்து நிற்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் அகப்படாது. சரி, எல்லா இடத்திலும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று இறங்கினால் 'வெளி', 'வெள்ளம்', 'கெளுத்தி' எல்லாம் உடைந்துபோகும். கௌரவம், பௌர்ணமி, பௌத்தம், வௌவால் என்று சொற்பட்டியல் வைத்து, அவற்றை மட்டும் மாற்றுவதே வழி. வரி முடிவில் பாதியில் முறிந்த சொற்களை மெய்ப்புத் திருத்துநர் கையால் சேர்த்தாக வேண்டும். இந்தச் செலவை மிச்சம் பிடிக்கக் கூடாது. பழைய எழுத்துருக்கள் உள்ள கணினியைக் கழிப்பதற்கு முன்பே இதை முடிப்பது நல்லது.

பழைய கதைகளை ஏற்றுமுன் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிப்பிடாமல் எழுதிக்கொடுத்த உரிமை 5 ஆண்டுகளுக்கே செல்லும். எழுத்தாளரிடமோ வாரிசிடமோ மறுபடி எழுத்தில் அனுமதி பெற வேண்டும்.

இன்னொன்று அரசு செய்ய வேண்டியது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை கன்னிமாரா உட்பட 4 நூலகங்களுக்குப் பிரதி அனுப்பும் கடமை அச்சிட்டவற்றுக்குத்தான். அச்சு நின்றால் அந்தப் பிரதியும் நின்றுவிடும். தளத்துக்கான ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் இதழே இல்லாமல் போகும். மின்னிதழ்களின் யூனிகோடு கோப்புகளையும் இந்நூலகங்கள் பெற்றுப் பாதுகாக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும்.

இப்படிக்கு,
இதழ் வடிவமைப்பாளர்,
மதுரை.