லூர்து போகும் வழியில் இறங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் கோடை விடுமுறை இணைப்பை, வேலை முடிந்து திரும்பும் இரவு ரயிலில் வாசித்தேன். ஈபிள் கோபுரம், டிஸ்னிலாண்ட், லூர்து மாதா கோயில், அதற்குப் பிறகு சுவிஸ், லண்டன் என்று போட்டிருந்தீர்கள். எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் பிரான்ஸில் இருந்துகொண்டு, பிரான்ஸின் ஒரு கிராமத்தைக்கூட அதில் காணவில்லையே என்று மனம் வருந்தியது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பரிஸில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறேன். எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் செய்யும் வேலை. உப்பிட்டுக் கொழுப்பில் வேகவைத்த வாத்துக்கால், செப் காளான், வால்நட் எண்ணெய், ரொகமதூர் ஆட்டுப்பால் சீஸ் என்று நாள்தோறும் நான் திறக்கும் பெட்டிகளில் பெரிகோர், சர்லா, கேர்சி என்ற இடப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். இந்தச் சாமான்கள் வருகிற மண் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை அப்படித்தான் வந்தது. இப்போது கொஞ்ச வருடங்களாக மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பிரான்ஸின் தென்மேற்கே இருக்கும் தொர்தோன் ஆற்றுப் பக்கம் போய்வருகிறோம்.

ஓகஸ்ட் மாதத்தில் மாதாவின் திருநாளை ஒட்டி எங்கள் சனம் லூர்துக்குப் போகிறது. லிமோஜ், பிரீவ், துலூஸ் வழியாகப் போகிறவர்கள் ஏ20 நெடுஞ்சாலையில் சுயாக் என்ற சிறிய ஊரைத் தாண்டுகிறார்கள். பெற்றோல் அடித்து, கோப்பி குடித்து, அப்படியே போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் மேற்கே திரும்பி 30 கிலோமீற்றர் அளவு ஓடினால் சர்லா. தென்கிழக்கே அதையும்விடக் கிட்ட ரொகமதூர். லூர்து போகிற குடும்பம் கட்டாயம் பார்க்க வேண்டிய ஊர் இது. செங்குத்தான பாறைச் சுவரில் வீடுகளும் கோயில்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. கோயிலுக்கு 216 படி. முழங்காலில் ஏறி நேர்த்தி தீர்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியும் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியும் இங்கே யாத்திரை வந்தவர்கள். உள்ளே இருக்கும் கறுப்பு மாதா சின்னஞ்சிறிய மரச் சிலை. மேலே கூரையில் சின்னக் கப்பல் உருவங்கள் தொங்குகின்றன. கடலில் தப்பி வந்த மாலுமிகளின் காணிக்கை அவை. கடலில் யாராவது காப்பாற்றப்பட்டால் அங்கே இருக்கும் பழைய மணி தானாகவே அடிக்கும் என்பது நம்பிக்கை. என் மனைவி கடற்கரை ஊரில் பிறந்தவள். அந்தக் கப்பல்களின் கீழே வெகுநேரம் நின்றாள்.

சரி, குகைகளுக்கு வருகிறேன். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதுதான் முதல் காரணம். 1940 செப்டெம்பரில் மொந்தினியாக் என்ற ஊரில் நாலு பொடியன்கள் காட்டில் ஒரு பொந்துக்குள் இறங்கினார்கள். உள்ளே சுவர் முழுக்கக் காளைகள், குதிரைகள், மான்கள். ஒரு காளை மட்டும் 5 மீற்றருக்கு மேல் நீளம். அதுதான் லாஸ்கோ குகை. கிட்டத்தட்ட 17,000 வருடத்துக்கு முந்திய மனிதர்கள் வரைந்தவை என்று சொல்கிறார்கள். 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வந்த சனத்தின் மூச்சுக் காற்றாலேயே சுவரில் பாசி பிடிக்கத் தொடங்கியதால் 1963இல் பூட்டிவிட்டார்கள். இன்றுவரை பூட்டுத்தான். இப்போது நாங்கள் பார்ப்பது 2016 கடைசியில் திறந்த லாஸ்கோ 4 என்ற நகல் குகை. கிட்டத்தட்ட முழுக் குகையையும் வெடிப்பு, மேடு பள்ளம் எதுவும் தவறாமல் அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். அசல் இல்லையே என்று அதை விட்டுவிடாதீர்கள். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அந்த நினைப்பே போய்விடும்.

ஆனால் அசலையே பார்க்க வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. லெஸெஸி என்ற ஊரில் ஃபோன்-த-கோம் குகை. வண்ணம் தீட்டிய பைசன் மாடுகளை, அவற்றை வரைந்த அதே பாறையில் இன்றும் காட்டுகிறார்கள். ஒரு நாளைக்குக் கொஞ்சப் பேரைத்தான் விடுவார்கள். முன்கூட்டியே பதிவு செய்யாமல் போனால் வாசலைப் பார்த்துத்தான் திரும்ப வேண்டும். வழிகாட்டி தன் விளக்கைச் சுவரில் பக்கவாட்டாகப் பிடித்தபோது, பாறையின் புடைப்பு மாட்டின் திமிலாக எழும்பியது. என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நடக்க முடியாத அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்கு ரூஃபினியாக் நல்லது. சின்ன மின்சார ரயிலில் குகைக்குள் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மாமூத்துகள், அதாவது உரோமம் மூடிய அந்தக் காலத்து யானைகள், அங்கே கோடுகளாக நிற்கின்றன. பனி மூடிய ஐரோப்பாவில் யானை நடந்த கதையை எங்கள் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் மட்டுமா படிக்க வேண்டும்?

ரொகமதூருக்குக் கிட்ட பதிராக் பாதாளமும் இருக்கிறது. நிலத்தில் 75 மீற்றர் ஆழத்துக்கு ஒரு பெரிய வாய். 1889இல் மார்த்தெல் என்பவர் உள்ளே இறங்கி ஆராய்ந்தார். அடியில் ஓடும் ஆற்றில் படகு விடுகிறார்கள். கோடையிலும் உள்ளே 13 பாகைதான், பிள்ளைகளுக்குச் சுவெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள்.

அப்புறம் ஆறு. வாடகைக்கு கனோ என்ற சிறு துடுப்புப் படகு தருகிறவர்கள் வான் வண்டியில் ஏற்றி ஆற்றின் மேல்பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். நீரோட்டத்தோடு மெல்ல மெல்ல இறங்கி வரவேண்டியதுதான். ஆற்றின் இரு பக்கமும் பாறைகளின் தலையில் கோட்டைகள். பெய்னாக் கோட்டை பிரெஞ்சு மன்னரின் பக்கம், எதிர்க்கரையில் காஸ்தெல்நோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம் என்று நூறாண்டுப் போரில் இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நின்றன. காஸ்தெல்நோவில் இப்போது பழைய போர்க்கருவிகளின் அருங்காட்சியகம் இருக்கிறது. கோடையில் கல்லெறியும் பொறியை இயக்கியே காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நீந்தத் தெரியாதவர்கள் கனோவில் ஏற வேண்டாம். ஏறுகிறவர்களும் மிதவை அங்கியைக் கழற்ற வேண்டாம். எங்கள் பெரியவர்கள் பலருக்கு நீச்சல் தெரியாது, வெட்கத்தில் சொல்லவும் மாட்டார்கள். அவர்களுக்கு லா ரோக்-கஜாக்கிலிருந்து கபார் என்ற தட்டையான மரப்படகு போகிறது. முந்தி இந்தப் படகுகள் மரமும் வைனும் ஏற்றிக் கீழே போகும். போன இடத்தில் படகையே உடைத்து மரமாக விற்றுவிட்டு, படகுக்காரர் கால்நடையாக ஊர் திரும்புவார்களாம்.

அதே ஆற்றங்கரையில் மிலாந்த் மாளிகையைத் தவற விடாதீர்கள். அமெரிக்காவில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் 1906இல் பிறந்து, பரிஸில் ஆடிப் பாடிப் பேர் எடுத்த ஜோசஃபின் பேக்கரின் வீடு அது. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸின் எதிர்ப்பு இயக்கத்துக்காக உளவு வேலை செய்தார். பல நாடுகளிலிருந்து 12 பிள்ளைகளைத் தத்தெடுத்து அந்த வீட்டில்தான் வளர்த்தார். கடனில் வீடு கையை விட்டுப் போனது. 2021 நவம்பர் 30ஆம் தேதி நாட்டின் பெரியோருக்கான நினைவு மண்டபமான பரிஸின் பந்தியோனில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒருவரை இந்த நாடு எப்படித் தன் ஆளாக்கிக்கொண்டது என்பதை என் மகனுக்கு அந்த வீட்டில் வைத்துத்தான் சொன்னேன். அவன் இங்கே பிறந்தவன். ஆனாலும் எங்கள் புறநகரையும் பரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பல் கடைத்தெருவையும் தவிர வேறெதையும் தன் இடமாக அவன் நினைத்ததில்லை. கிராமங்களுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் வகுப்பில் பிரான்ஸின் தெற்குப் பகுதியைப் பற்றி ஆசிரியை கேட்டால் முதலில் கை தூக்குகிறான். நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு சமையல்காரன் கடிதத்தை முடிக்க முடியாது. சர்லாவில் புதன், சனிக்கிழமைகளில் சந்தை. பழைய சென்த் மாரி தேவாலயத்துக்கு மிகப் பெரிய உலோகக் கதவுகள் போட்டு அதையும் உள் சந்தையாக்கியிருக்கிறார்கள். அதைச் செய்தவர் கட்டடக் கலைஞர் ஜோன் நுவெல். அவர் சர்லாவில் பிறந்தவர் என்று பலர் சொல்வார்கள், ஆனால் அங்கே வளர்ந்தவர்தான். சந்தைக்குக் காலையிலேயே போங்கள், மதியத்தோடு சாப்பாட்டுக் கடைகளைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். ஒக்டோபரில் போனால் புது வால்நட் கிடைக்கும். ஆலைகளில் பருப்பைக் கல்லில் அரைத்து, சட்டியில் சூடாக்கி, பிழிந்து எண்ணெய் எடுப்பதைப் பார்க்கலாம். எங்கள் ஊர்ச் செக்கடியில் நின்ற மாதிரியே இருந்தது அந்த வாசம். ஆட்டுப் பண்ணைகளில் பின்னேரம் பால் கறக்கும் நேரத்தில் போனால் பிள்ளைகள் கிட்ட நின்று பார்க்கலாம். அதே பாலில் செய்த ரொகமதூர் சீஸ், ஒன்று 35 கிராம்தான், உள்ளங்கைக்குள் அடங்கும்.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: சர்லா உருளைக்கிழங்குப் பொரியல் வாத்துக் கொழுப்பில் செய்வது. சாலட்டில் வாத்தின் இரைப்பைத் துண்டுகள் வரும். காளான் ஒம்லெட் முட்டை சாப்பிடுவோருக்குச் சரி. அதையும் எந்தக் கொழுப்பில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். வாத்துப் பண்ணைகளில் ஈரல் பெருப்பதற்காகக் குழாய் வைத்துத் தீனி ஊட்டுவதைச் சில இடங்களில் காட்டுகிறார்கள். அந்த ஈரலை வேலையில் நான் தொடத்தான் செய்கிறேன். ஆனாலும் சிறு பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போக மாட்டேன்.

யூலை, ஓகஸ்டில் பல கிராமங்களில் இரவுச் சந்தை நடக்கும். ஊர்ச் சதுக்கத்தில் நீள மேசைகள் போட்டிருக்கும். தட்டு, கரண்டி நாங்களே கொண்டுபோக வேண்டும். நாங்கள் கட்டிக்கொண்டு போன புட்டையும் சம்பலையும் அதே மேசையில் விரித்தோம். பக்கத்தில் இருந்த விவசாயிக் குடும்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. சம்பல் அவர்களுக்குக் கண்ணீர் வரவழைத்தது, ஆனாலும் இரண்டாம் முறையும் கேட்டார்கள். கடைக்குள் நுழையும்போது பொன்ஜூர் சொல்லுங்கள், பரிஸை விட அங்கே அதற்கு மதிப்பு அதிகம். மதியம் 12 மணிக்குப் பூட்டினால் 2 மணிக்கு முன் பெரும்பாலும் திறக்க மாட்டார்கள். ஞாயிறு பின்னேரமும் திங்களும் பாண் கிடைப்பதே கஷ்டம், முதல் நாளே வாங்கி வையுங்கள். கார் இல்லாமல் இந்தப் பக்கம் சிரமம்தான். பரிஸ் ஒஸ்தர்லிட்ஸிலிருந்து பிரீவ் வரை ரயிலில் போய், அங்கே வாடகைக் கார் எடுக்கலாம்.

இன்னொரு இடம். லிமோஜுக்கு வடமேற்கே, அதே ஏ20 பாதையிலிருந்து கொஞ்சம் விலகினால், ஒரதூர்-சூர்-கிளான். 1944 யூன் 10ஆம் தேதி நாசிப் படையினர் ஒரே பின்னேரத்தில் 600க்கும் மேற்பட்ட ஊர்ச்சனத்தைக் கொன்று ஊரையே எரித்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்துவைத்து. எரிந்த ஊரை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று பிறகு அரசு தீர்மானித்தது. இன்றும் கூரையில்லாத வீடுகளுக்குள் துருப்பிடித்த தையல் மெசின்கள் நிற்கின்றன. விடுமுறையில் ஏன் அங்கே என்று கேட்பீர்கள். எரிந்த வீட்டை விட்டு வந்தவர்கள் நாங்கள். தன் சனம் செத்த இடத்தை ஒரு நாடு இடிக்காமல், மூடாமல், எழுதி வைத்துக் காக்கிறது. அதை எங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

காசு இல்லை என்ற பேச்சும் எனக்குத் தெரியும். இந்த நாட்டுத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு விடுமுறை 1936இல் 2 கிழமையாகத் தொடங்கி, 1982இல் 5 கிழமையானது. அது சலுகை கிடையாது, உரிமை. அதைக் காசாக்குவதற்கு ஓடி ஓடி இன்னொரு குசினியில் நிற்கிறோம். வேலைத்தலத்தில் ஷெக் வக்கான்ஸ் என்ற விடுமுறைச் செலவுச் சீட்டு கிடைக்குமா என்று கேளுங்கள். வருமானத்தைப் பொறுத்து காஃப் என்ற குடும்ப உதவிப்பண அலுவலகம் சில குடும்பங்களுக்கு விடுமுறை உதவி தருகிறது, உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். தங்குவதற்கு ஊர் மெரி, அதாவது ஊராட்சி, நடத்தும் கூடார முகாம்களே பெரும்பாலும் மலிவு. இரண்டு குடும்பம் சேர்ந்தால் ஜித் என்ற கிராமத்து வீட்டை ஒரு கிழமைக்கு எடுக்கலாம், குசினி இருக்கும், சோறு சமைக்கலாம்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இணைப்பில் பிரான்ஸின் கிராமங்களுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். பிரித்தானி, ஓவேர்ன், அர்தேஷ் என்று போய்வந்த வாசகர்களிடம் எழுதிக் கேளுங்கள். ஒக்டோபர் கடைசியில் பாடசாலைகளுக்கு 2 கிழமை லீவு வருகிறது. அப்போது கூட்டம் குறைவு, வாடகையும் குறைவு, வால்நட்டும் புதிது. குகைக்கான பதிவை மட்டும் இப்போதே செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகன்,
லா கூர்நெவ்