370 கிராம் கணக்கு

எடிசன், நியூஜெர்சி

அன்புள்ள வசந்தி,

பொங்கலுக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு இன்னும் பதில் போடவில்லை என்று கொதித்துக்கொண்டிருப்பாய். திட்டுவதைப் போனில் வைத்துக்கொள். இவரும் பையனும் நலம். அத்தை ஊர் திரும்பியாயிற்று. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

விஷயம் இதுதான்: மார்பைக் குறைக்கும் ஆபரேஷனுக்கு என் இன்ஷூரன்ஸ் கடைசியில் சம்மதித்துவிட்டது. சிரிக்காதே. ஸ்போர்ட்ஸ் டே சமாசாரத்தை ஜெயந்தியிடம் மறுபடி ஆரம்பித்தால் உன் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு கதையை உன் மாமியாருக்கே போன் போட்டுச் சொல்வேன்.

கழுத்து வலி உனக்குத் தெரியும். பிரா பட்டை அழுத்தி இரண்டு தோளிலும் விரல் பதிகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருப்பது தெரியாது. கோடை வந்தால் மார்புக்குக் கீழே வேர்த்து, வெந்து, புண்ணாகிவிடும். அம்மாவிடம் சொன்னால், "பொம்பளைக்கு இதெல்லாம் இருக்கறதுதான்" என்று குட்டிகூரா பவுடரை நீட்டுவாள். நானும் அதையே நம்பி இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். இங்கே வந்த பிறகுதான் ஒரு லேடி டாக்டர், "இது அழகுக்குச் செய்வதில்லை, வைத்தியம். இன்ஷூரன்ஸில் கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். மறுத்துவிட்டார்கள். காரணத்தைக் கேள். ஒவ்வொரு பக்கமும் எத்தனை கிராம் எடுக்கப் போகிறார்கள் என்று சர்ஜன் முன்கூட்டியே எழுதித் தர வேண்டுமாம். பால் ஷ்னூர் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், 1991-இல் மற்ற சர்ஜன்களிடம் விவரம் வாங்கி ஓர் அட்டவணை போட்டார். உயரத்தையும் எடையையும் வைத்து உடம்பின் மேற்பரப்பைக் கணக்கிடுவார்கள். அது 1.7 சதுர மீட்டர் என்றால், பக்கத்துக்கு 370 கிராமாவது எடுக்க வேண்டும். 1.9 என்றால் 527. அதற்குக் குறைந்தால் அழகு சிகிச்சை, காசு உன்னுடையது. நான் 1.7. என் சர்ஜன் போட்டது 340. முப்பது கிராம் குறைந்ததால் என் வலி பொய்யாகிவிட்டது! வெங்காயம் நிறுக்கிற கடைக்காரர்கூட முப்பது கிராமுக்கு இப்படி அடம்பிடிக்க மாட்டார். "கூட்டிப் போட்டுவிடுங்களேன்" என்றதற்கு, வெட்டியெடுத்ததை அங்கேயே எடை போட்டு, சதையைச் சோதிக்கிற பதாலஜி லேபுக்கு அனுப்புவோம், ரிப்போர்ட்டில் தெரிந்துவிடும் என்றார் சர்ஜன். நல்ல மனிதர்.

புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுத்தவர்களுக்கு, மறுபக்கத்தைச் சமமாக்கவும் இன்ஷூரன்ஸ் பணம் தர வேண்டும் என்று இங்கே 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. வெறும் வலிக்கு அப்படி நாடு முழுக்கப் பொதுவான சட்டம் இல்லை. கம்பெனிக்கு ஒரு விதி.

மறுத்த கடிதம் வந்து 180 நாளுக்குள் அப்பீல் போடலாம். அதற்கும் மசியாவிட்டால், கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவர் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கேட்கலாம். அவர் சொன்னால் கம்பெனி கட்டுப்பட்டே ஆக வேண்டும். அதுவரை போகவில்லை. பிசியோதெரபி போன சீட்டுகள், தோல் டாக்டர் புண்ணுக்குக் களிம்பு எழுதிய குறிப்பு, தோள் பள்ளத்தின் போட்டோ எல்லாம் சேர்த்து அனுப்பினோம். போட்டோ கழுத்திலிருந்து இடுப்பு வரை, முகம் இல்லாமல். எடுக்கும்போது கூசிப்போனேன் வசந்தி. யாரோ ஒரு ஆபீசர் கம்ப்யூட்டரில் அது என் பாலிசி நம்பரோடு கிடக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் தூக்கம் கெடுகிறது. சர்ஜனே அவர்கள் டாக்டரிடம் போனில் வாதாடின பிறகு சரி என்றார்கள். ஆபரேஷன் அடுத்த மாதம். சில வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாதாம், இவர் சமையல்தான். வேண்டிக்கொள்.

அப்புறம் உன் பெண் ரேவதி. அவள் குனிந்து குனிந்து நடக்கிறாள், சுடிதாருக்கு மேல் எப்போதும் பையை அணைத்துக்கொள்கிறாள் என்று போகிறபோக்கில் சொன்னாய். நீ சொன்ன தொனியில் என் அம்மா குரல் கேட்டது. கோபித்துக்கொள்ளாதே. அவளுக்கும் என் வலியாக இருக்கலாம்.

உங்கள் பாலிசியை எடுத்து விலக்குகள் பகுதியில் எக்ஸ்கிளூஷன் 08 என்று இருப்பதைப் படி. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையம் வகுத்த வாசகம், எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் இல்லை; விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைப்பது என்றால் உண்டு. இன்னொரு வாசலும் இருக்கிறது: உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க இது அவசியம் என்று பார்க்கிற டாக்டர் சான்று தர வேண்டும். கழுத்து வலியை அந்த வாசலுக்குள் நுழைப்பது லேசில்லை. அதனால்தான் டாக்டர் எழுதிய காகிதம் கையில் வேண்டும் என்கிறேன். மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுதிப் புகார் கொடு. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் இந்தப் புகார்களை விசாரிக்கிற அதிகாரி, இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், ஒரு வருஷத்துக்குள். சென்னையிலேயே ஆபீஸ் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை அவர் விசாரிக்கலாம்.

ஆபரேஷன் பேச்சுக்கு அவசரமில்லை. சின்னப் பெண், வளர்ச்சி நிற்கட்டும். வலியை மட்டும் இன்றிலிருந்தே டாக்டர் கையால் எழுதி வாங்கு. முதலில் எலும்பு டாக்டர், அப்புறம் தோல். அவளைத் தனியாக அனுப்பிவிட்டு நீ வெளியே பெஞ்சில் உட்காராதே, கூடவே உள்ளே போ.

அன்புடன்,
சுமதி