முன்னொட்டுகளும் புணர்ச்சி விதியும்

ஆசிரியருக்கு,

ஆங்கில முன்னொட்டுகளை நீண்ட பட்டியலாக மனப்பாடம் செய்ய வைப்பது வீண். வாரம் 2 ஒட்டுகள், ஒவ்வொன்றுக்கும் 5 சொற்கள் போதும்.

எதிர்மறைப் பொருள் தரும் 'இன்' அடுத்து வரும் எழுத்துக்கேற்ப மாறும்: பி, எம் முன் 'இம்' (இம்பாசிபிள்), எல் முன் 'இல்' (இல்லீகல்), ஆர் முன் 'இர்' (இர்ரெகுலர்). அதனால்தான் எல், ஆர் இரட்டிக்கின்றன. மாணவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். தமிழில் புணர்ச்சி படித்த பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது, ஏனோ யாரும் விளக்குவதில்லை!

ஆனால் எல்லா 'இன்'னும் எதிர்மறை அல்ல. டேங்கர் லாரியில் 'இன்ஃபிளேமபிள்' என்றிருந்தால் எளிதில் தீப்பற்றும் என்றே பொருள்.

பின்னொட்டு 'லி' பெயரடையோடு சேர்ந்தால் பெரும்பாலும் வினையடை (ஸ்லோலி). பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் பெயரடை (ஃப்ரெண்ட்லி).

ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
மதுரை