காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வாடைக்காற்று தொடங்கிவிட்டது. இனி கார்த்திகை முடியும்வரை மண்டபம், பாம்பன் பக்கமெல்லாம் பிள்ளைகளுக்குச் சளி, இருமல்தான். மழையில் நனைவதால் மட்டும் என்று நினைக்காதீர்கள். சாரலுக்குப் பயந்து வகுப்புச் சன்னலை நாங்கள் சாத்திவிடுகிறோம். ஒரு பிள்ளை இருமினால் கிருமி அறை முழுக்கச் சுற்றுகிறது. சாரல் படாத பக்கத்துச் சன்னல் இனி திறந்தே இருக்கும்.

இதில் எங்கள் தவறும் உண்டு. ஒருநாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டுவிழாவில் பரிசு கொடுத்து வந்தோம். போன வருடம் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அந்தப் பரிசுக்காகக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். அதே வாரம் அவள் பெஞ்சே படுத்துவிட்டது. அந்தப் பரிசு இனி கிடையாது.

சாதாரணச் சளி மூக்கொழுகலோடு மெதுவாக வரும், பத்து நாளுக்குள் பெரும்பாலும் போய்விடும். ஃப்ளூ அப்படியல்ல. காலையில் ஓடியாடிய பிள்ளை சாயங்காலம் காய்ச்சல், உடம்புவலியோடு சுருண்டுவிடும். மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகு அனுப்புங்கள்.

அப்பா கடலில், அம்மா பாசி எடுக்க விடியுமுன் கிளம்பியாயிற்று என்றால் யார் பார்ப்பது? தெரியும். அப்பத்தாவிடம் விடுகிறீர்கள் என்றால் ஒரே பாயில் படுக்க வைக்க வேண்டாம்; ஃப்ளூ வயதானவர்களைத்தான் அதிகம் வாட்டும்.

முக்கியமானது மூச்சு. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் போனால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். எந்த வயதானாலும் மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சுக்கும் கருப்பட்டியும் தொண்டைக்கு இதம், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். வைரஸ் சளிக்கு அது கேட்காது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் வேண்டாம். அப்புறம், ஆவி பிடிக்கக் கொதிக்கிற சட்டியைப் பிள்ளை முன்னால் வைக்காதீர்கள், கவிழ்ந்தால் வெந்துவிடும்.

கைகழுவும் இடத்தில் சோப்பு வைத்திருக்கிறோம். பிள்ளையிடம் ஒரு கைக்குட்டை கொடுத்தனுப்புங்கள். விடுப்புக் கடிதம் தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டால் போதும், விட்ட பாடத்தை நாங்கள் நடத்திக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்