யார் அந்த ‘வேண்டாம்’? பராமரிப்பு இல்லங்களில் பெற்றோரை வைத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் அம்மாவையோ அப்பாவையோ வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

உங்களில் சிலரை எனக்கு முகத்தால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிப்ட்டில் சந்திப்போம். ஒருவர் கையில் இடியப்பமும் சொதியும் இருக்கும். இன்னொருவர் கையில் தோய்த்து மடித்த உடுப்புப் பை இருக்கும். எந்த மாடி என்று கேட்போம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டோம். ‘கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்’ என்று சனம் கதைக்கும் என்ற வெட்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்த வெட்கத்தில், உள்ளே நடப்பது எதையும் வெளியே சொல்வதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

அம்மா யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்து வளர்ந்தவர். கனடாவுக்கு வந்தபின் கடைக்கும் வைத்தியரிடமும் போய்வரப் போதுமான ஆங்கிலத்தைத் தானாகவே பிடித்துக்கொண்டார். மறதிநோய் முதலில் தின்றது அந்த ஆங்கிலத்தைத்தான். பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் கழன்றுபோவதும் தாய்மொழி கடைசிவரை நிற்பதும் இந்த நோயில் அடிக்கடி காண்பது. அவரைச் சேர்த்த இல்லத்தில், அவர் இருந்த மாடியில், தமிழ் தெரிந்த பணியாளர் ஒருவரும் இல்லை.

சேர்த்து நாலு மாதம் இருக்கும். அங்கே வேலை செய்யும் ஒரு பிலிப்பினோப் பெண் என்னை மறித்துக் கேட்டார்: “யார் அந்த வேண்டாம்? உங்கள் தம்பியா? குளிக்கவைக்கும்போதெல்லாம் அம்மா அவரைத்தான் கூப்பிடுகிறார்.”

சிரித்துவிட்டேன். பிறகு அந்தச் சொல்லின் பொருளைச் சொன்னேன். அவர் கையில் இருந்த துவாயை மடிப்பதை நிறுத்திவிட்டார். நாலு மாதம், வாரத்துக்கு இரண்டு தடவை. கணக்குப் பார்த்தால் முப்பதுக்கு மேற்பட்ட குளிப்பு. அத்தனை தடவையும் அம்மா தன் மறுப்பை உரத்துச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களுக்கு அது ஒரு ஆளின் பெயராக இருந்திருக்கிறது.

அன்றைக்கே கோப்பைக் காட்டச் சொன்னேன். ‘பராமரிப்பை மறுக்கிறார், கை ஓங்குகிறார்’ என்று எழுதியிருந்தது. அமைதிப்படுத்தும் மருந்து ஒன்றைத் தொடங்குவது பற்றி வைத்தியரிடம் கேட்கவேண்டும் என்ற குறிப்பும் இருந்தது.

அம்மா ஏன் கை ஓங்கினார்? அவர் கிணற்றடியில் குளித்து வளர்ந்தவர். குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு, முதலில் காலுக்கு, பிறகு தோளுக்கு, கடைசியாகத் தலைக்கு வார்ப்பார். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் குளியல் தொட்டிக்குள்ளும் ஒரு வாளியும் பிளாஸ்டிக் கோப்பையும் வைத்து அதே ஒழுங்கில்தான் குளித்தார். உடம்பில் துணியில்லாமல் பிறர் முன்னால் அவர் நின்றதேயில்லை. அப்படிப்பட்டவரை உடுப்பைக் களைந்து, நடுவில் ஓட்டையுள்ள சில்லுக் கதிரையில் இருத்தி, பட்டி போட்டு, குழாயால் முகத்தில் தண்ணீர் அடித்தால்? நானாக இருந்தாலும் அடித்திருப்பேன்.

கோபத்தோடு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். சேர்த்த நாளில் நிரப்பிய படிவம் அங்கே இருந்தது. குளிப்பு முறை: ஷவர். தெரிவித்தவர்: மகள். கீழே என் கையெழுத்து.

அன்று வேலைக்குப் பிந்திக்கொண்டிருந்தது. எது என்று கேட்டார்கள், ஷவர் என்றேன். அம்மா பக்கத்தில்தான் இருந்தார். அவரிடம் தமிழில் ஒரு வார்த்தை கேட்க அரை நிமிடம் போதும். கேட்கவில்லை.

இனி, எனக்குத் தெரியாமல் இருந்தவற்றைச் சொல்கிறேன். உங்களில் பலருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். ஒன்ராறியோவின் ஒழுங்குவிதிப்படி, வதிவாளர், அதாவது இல்லத்தில் வசிப்பவர், ஒவ்வொருவருக்கும் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு குளிப்பு உண்டு. எந்த முறையில் என்பது வதிவாளரின் விருப்பம்: தொட்டியிலா, ஷவரிலா, உடம்பு முழுவதையும் துடைத்தா. இல்லத்தில் புழங்கும் மொழியில் பேசமுடியாதவர்களோடு எப்படித் தொடர்புகொள்வது என்பதற்கு இல்லம் வழிமுறைகளை வகுத்து நடைமுறைப்படுத்தவேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. நாம் போய்க் கெஞ்சிக் கேட்கவேண்டிய சலுகை அல்ல அது. இல்லத்தின் கடமை.

சட்டத்தின் பெயர் 2021ஆம் ஆண்டின் நீண்டகாலப் பராமரிப்பைச் சீர்செய்யும் சட்டம். 2022 ஏப்ரல் 11 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குள் 29 உரிமைகள் கொண்ட வதிவாளர் உரிமைச் சாசனம் ஒன்று இருக்கிறது. எங்கள் இல்லத்தில் அது லிப்ட்டுக்குப் பக்கத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டகத்துக்குள், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தொங்குகிறது. அதற்கு அருகே கைக்குப் பூசும் கிருமிநீக்கி இருப்பதால் அந்தச் சுவர் எனக்கு நன்றாகத் தெரியும். அதுவரை ஒவ்வொரு தடவையும் கையைத் தேய்த்துக்கொண்டே அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அதை ஒருநாள் நின்று வாசியுங்கள். கடும் நோயிலோ மரணப்படுக்கையிலோ இருப்பவரோடு குடும்பத்தாரும் நண்பர்களும் 24 மணிநேரமும் இருக்கலாம். தன்னைப் பராமரிப்பவர் யார் என்று வதிவாளருக்குத் தெரியவேண்டும். விரும்பியவரோடு தனியாக, யாரும் தலையிடாமல் பேசலாம். தன் படங்களையும் பொருட்களையும் அறையில் வைத்துக்கொள்ளலாம், மற்றவருடைய உரிமைக்கு இடைஞ்சல் இல்லாதவரை. சிகிச்சை எதற்கும் சம்மதிக்கலாம், மறுக்கலாம்.

தன்னைக் கவனிக்கும் குடும்பத்தவரின் உதவி தொடர்ந்து கிடைக்கவேண்டும் என்ற உரிமை இந்தச் சட்டத்தில்தான் சேர்ந்தது. அது ஏன் சேர்ந்தது என்பது நமக்கு நினைவிருக்கும். 2020 மார்ச்சில் இல்லங்களின் கதவுகள் நமக்குப் பூட்டப்பட்டன. யன்னலுக்கு வெளியே நின்று கையசைத்தோம். கோவிட்டின் முதல் இரண்டு அலைகளில் மட்டும் ஒன்ராறியோவின் இல்லங்களில் ஏறத்தாழ 4,000 வதிவாளர்கள் இறந்தார்கள். உதவிக்கு அனுப்பப்பட்ட இராணுவத்தினர் உள்ளே கண்டதை அந்த மே மாதம் அறிக்கையாக எழுதினார்கள். பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இப்போது அந்தப் பழைய பேச்சுக்கு வருகிறேன். “நாங்கள் ஏதாவது கதைத்தால் பிறகு அம்மாவுக்குத்தான் கரைச்சல்.” வாகனத் தரிப்பிடத்தில் இதை என்னிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்! நானும் சொல்லியிருக்கிறேன். அதனால் நத்தாருக்குச் சொக்கலேட் பெட்டி கொடுப்போம், சிரிப்போம், வீட்டுக்கு வந்து பொருமுவோம். நத்தார்ச் சொக்கலேட்டைக் குறை சொல்லவில்லை. அந்தப் பணியாளர்கள் அதற்கும் மேலே பெறத் தகுதியானவர்கள். ஆனால் அதை நாம் காப்புறுதிக் கட்டணம் போலக் கொடுக்கிறோம்.

இந்தப் பயத்தைச் சட்டம் எழுதியவர்கள் முன்கூட்டியே நினைத்திருக்கிறார்கள். மாகாணத்தின் நீண்டகாலப் பராமரிப்பு அமைச்சுக்கு ஒரு விடயத்தைச் சொன்னதற்காக வதிவாளரை வெளியேற்றக்கூடாது, வெளியேற்றுவோம் என்று மிரட்டக்கூடாது, வேறுபாடு காட்டியும் நடத்தக்கூடாது. அப்படிச் செய்வோம் என்று குடும்பத்தவரைப் பயமுறுத்தவும் கூடாது. சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தாலும்கூட, வதிவாளருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. அந்த வரியை நான் இரண்டு தடவை வாசித்தேன். பிள்ளை பொல்லாதவளாக இருக்கலாம், அதற்காகத் தாயைத் தண்டிக்காதே என்கிறது சட்டம்.

எழுத்தில் கொடுங்கள், அதுதான் முக்கியம். பராமரிப்பைப் பற்றிய எழுத்து முறைப்பாடு கிடைத்தால் இல்லம் அதை அமைச்சின் பணிப்பாளருக்கு அனுப்பவேண்டும். 10 வேலை நாட்களுக்குள் உங்களுக்கும் பதில் தரவேண்டும். தாதியிடம் நடைபாதையில் முணுமுணுத்தால் அது மாலைக்குள் காற்றோடு போய்விடும். துன்புறுத்தலோ புறக்கணிப்போ நடந்திருக்கிறது என்று நியாயமான சந்தேகம் இருந்தால் பத்து நாள் காத்திருக்கத் தேவையில்லை. பணிப்பாளருக்கு உடனே அறிவிக்கவேண்டும் என்பதே சட்டம்.

நான் எழுதிய மின்னஞ்சல் ஆறு வரி. முதல் வரியில் படிவத்தில் இருந்த பிழை என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். பராமரிப்புத் திட்டத்தில் குளிப்பு முறையை மாற்றும்படியும், அதைச் செய்துபார்க்குமுன் மருந்துக்கு நான் சம்மதிக்கமாட்டேன் என்றும் எழுதினேன். ஒன்பதாம் நாள் கூப்பிட்டார்கள். மேசையில் நிர்வாகி, தாதி, அந்தப் பிலிப்பினோப் பெண், நான், அம்மா. வாளியா என்று நிர்வாகி புருவத்தை உயர்த்தினார். தாதிக்குத் தரை வழுக்கும் என்ற கவலை. அந்தப் பெண்தான், “எங்கள் ஊரிலும் வாளிதான்” என்றார். பேச்சு அங்கே முடிந்தது.

நமக்கு எதிராகவும் கொஞ்சம் சொல்லவேண்டும். சாசனத்தில் இருக்கும் உரிமைகள் அம்மாவுடையவை, அப்பாவுடையவை. அவற்றை மீறுகிறவர்கள் பணியாளர்கள் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பராமரிப்புக் கூட்டத்தில் தகப்பனைச் சுவர்ப்பக்கம் திருப்பி இருத்திவிட்டு, அவருக்கு என்ன பிடிக்கும் என்று நாம் ஒப்பிக்கிறோம். அந்தக் கூட்டம், ஒருவர் இல்லத்தில் சேர்ந்து ஆறு வாரத்துக்குள்ளும், பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவதும் நடக்கவேண்டியது. அவரும் அதில் பங்கெடுக்க உரிமையுள்ளவர்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் தன் தம்பியைப் பார்க்க ஏங்கிக்கொண்டிருந்தார். ஊர்க் காணிச் சண்டையில் மகன் சித்தப்பாவை உள்ளே விடவேண்டாம் என்று வரவேற்பில் சொல்லி வைத்திருந்தார். கேட்டால், “என்னிடம் பவர் ஒவ் அற்றோணி இருக்கிறது” என்றார். ஒருவருக்காக முடிவெடுக்க அதிகாரம் கொடுக்கும் அந்தப் பத்திரத்தை நாம் காணி உறுதி மாதிரி வைத்துக்கொண்டு திரிகிறோம். அது அப்படி வேலை செய்வதில்லை. ஒருவர் தானே முடிவெடுக்க இயலாதபோதுதான் அவருடைய உடல் பராமரிப்புப் பற்றிய அதிகாரம் நம் கைக்கு வரும். அதுவும் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்கவேண்டியது. மருந்தின் பக்கவிளைவைப் புரிந்துகொள்ள இயலாதவருக்குத் தம்பியைப் பார்க்க ஆசை என்று சொல்லத் தெரியும். சிகிச்சைக்கு அவருக்காகச் சம்மதம் சொல்லும்போதும், புத்தி தெளிவாக இருந்த காலத்தில் அவர் சொல்லிவைத்த விருப்பம் தெரிந்தால் அதன்படிதான் நடக்கவேண்டும். நம் வசதிக்கு அங்கே இடம் இல்லை.

சட்டம் கைகளைப் படைக்காது என்பதும் தெரியும். எங்கள் மாடியில் காலையில் ஒரே பணியாளர் எட்டுப் பேரை எழுப்பி, கழுவி, உடுத்தி, சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருகிறார். ஒருவருக்கு ஒருநாளில் சராசரி நாலு மணிநேர நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கை மாகாணம் 2025 மார்ச் 31க்கு வைத்தது. அது மாகாணம் முழுவதற்குமான சராசரி. உங்கள் அப்பாவின் கடிகாரத்தில் அத்தனை மணிநேரம் ஓடுகிறதா என்பதை நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

இன்னும் வைத்தியசாலையில் இடத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 2022இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, இடம் ஒதுக்குபவர்கள் நீங்கள் கேட்காத இல்லத்தையும் உங்களுக்குத் தெரிவு செய்யலாம், தெற்கு ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் தூரம்வரை. வைத்தியசாலை விடுவித்த பிறகும் போக மறுத்தால் நாளுக்கு 400 டொலர் அறவிடலாம். தமிழ் பேசும் பணியாளர் உள்ள இல்லம் வேண்டுமானால் அதைத் தொடக்கத்திலேயே நீங்கள் கேட்கும் இல்லங்களின் பட்டியலில் எழுதுங்கள். கடைசி நாளில் நின்று அழுது பயனில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்தில் குடும்ப மன்றம், அதாவது வதிவாளர்களின் குடும்பத்தார் கூடும் மன்றம், இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், ஒரே ஒருவர் கேட்டாலும் போதும், 30 நாட்களுக்குள் அதை அமைக்க இல்லம் உதவவேண்டும். நாம் அழைத்தாலொழிய நிர்வாகத்தினர் அந்தக் கூட்டத்துக்கு வரமுடியாது. மன்றம் எழுத்தில் சொல்லும் குறைக்கு 10 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வரவேண்டும். கோயில் நிர்வாகசபைக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் போட்டிபோட்டு நிற்கிற சனம் நாங்கள். எங்கள் இல்லத்து மன்றத்தில் நான் போய் இருந்த நாளில் ஐந்து பேர். தமிழர் நான் மட்டும். எங்கள் மாடியில் மட்டும் ஏழு தமிழ்ப் பெயர்கள் கதவுகளில் இருக்கின்றன.

அம்மாவின் கட்டிலுக்கு மேலே இப்போது ஒரு மட்டை ஒட்டியிருக்கிறேன். வேண்டாம், போதும், தண்ணீர், குளிர், வலி. ஒவ்வொன்றுக்கும் எதிரே உச்சரிப்பும் பொருளும். அந்தப் பெண் ‘குளிர்’ என்பதை இன்னும் ‘குலிர்’ என்றுதான் சொல்கிறார். அம்மா திருத்துகிறார். வாளி நீல நிறம், ஏழு டொலர். பழைய பருத்திச் சீலையில் கிழித்த துண்டு குறுக்குக்கட்டுக்கு. செவ்வாயும் வெள்ளியும் குளிப்பு. போன வெள்ளி, மூன்றாவது கோப்பைக்குப் பிறகு கோப்பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாராம்.

பக்கத்து அறை அம்மாவின் மகள் நேற்று அந்த வாளியை இரவல் கேட்டார். தொற்றுத் தடுப்பு விதிப்படி ஒருவருடையதை இன்னொருவருக்குப் பாவிக்கமுடியாது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது இரண்டு வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் தேவையென்றால் லிப்ட்டில் கேளுங்கள்.

அன்புடன்,
இரண்டாம் மாடி அம்மா ஒருவரின் மகள்
ஸ்காபரோ